பாட்டை வெளியிடும் முன் எண்ணைப் பதியுங்கள்

அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குக் கோயில் உண்டு. அவர் பாடிய திருவெம்பாவை பிறந்த இடமென்று இந்த ஊரைப் போற்றுவார்கள். மார்கழிக்குத் திருவெம்பாவையைப் பாடி வெளியிட நினைப்பவர்கள் கவனிக்க: அதே தலைப்பில் ஏராளமான ஒலிப்பதிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. உங்களுடையதைப் பிரித்துக் காட்டுவது, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாள எண்தான்.

எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 12 இடங்கள். முதல் 5 முன்னொட்டு, அடுத்த 2 எண் வழங்கிய ஆண்டு, கடைசி 5 வரிசை எண். இந்தியாவில் இதற்குப் பொறுப்பு இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி என்ற அமைப்பு. ஓரிரு பாட்டு மட்டும் வெளியிடுகிறீர்களா? ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டை அனுப்பித் தரும் விநியோக நிறுவனமே பெரும்பாலும் எண்ணைக் கொடுத்துவிடும்.

மாஸ்டரிங் எனும் இறுதி ஒலிச் சீரமைப்பு முடியும்போதே எண்ணைக் கோப்பில் பதியச் சொல்லுங்கள். எம்.பி.3 கோப்பின் டேக்கில் இதற்கென்றே தனி இடம் உண்டு. கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது அந்த எண் அழிந்துபோகலாம். அதனால் பதிவேற்றும் படிவத்திலும் அடித்துவிடுங்கள். ஒரு நோட்டில் பாட்டு, பாடியவர், தேதியோடு குறித்தும் வையுங்கள்.

அதே பாட்டைக் கோயிலில் நேரடியாகப் பாடிப் பதிந்தால் புது எண் வேண்டும். பழைய பதிவையே வேறு தொகுப்பில் சேர்த்தால் பழைய எண்ணே போதும். விநியோக நிறுவனத்தை மாற்றும்போதும் பழைய எண்ணையே கேட்டுப் போடுங்கள். இல்லையென்றால் இதுவரை கேட்டவர்களின் கணக்கு விட்டுப்போகலாம்.

இந்த எண் உரிமைப் பத்திரம் ஆகாது. நாதஸ்வரம், தவில் வாசித்தவர்களோடு வருமானப் பங்கு பற்றித் தனியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.