நாலு பெட்டியும் மாமியின் முழங்காலும்

கேள்வி: வரும் செப்டம்பரில் நான், கணவர், மாமி, பதின்மூன்று வயது மகள் ஆகிய நால்வரும் சவுத்தாம்ப்டனிலிருந்து ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம் பன்னிரண்டு நாள் கப்பல் பயணம் போகிறோம். போகும்போது மச்சான் தன் வானில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். திரும்பி வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று அவருக்கு வேலை. எங்களிடம் கார் இல்லை. ஈஸ்ட்ஹாம் வரை டாக்சிக்கு விசாரித்தோம், சொன்ன விலையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டோம். ரயிலில் வந்துவிடலாம் என்பது என் எண்ணம். "நாலு பெரிய பெட்டி, முழங்கால் நோவோடு அம்மா, இதற்குள் ரயிலா? உனக்கென்ன விசரா?" என்கிறார் கணவர். மாமிக்கு வயது 71. மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் கஷ்டம். ரயில் சரிவருமா?
— வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: சரிவரும். ஆனால் உங்கள் கணவர் முதலில் சொன்ன மூன்று சொற்களை மட்டும் மாற்ற வேண்டும்: "நாலு பெரிய பெட்டி."

உங்களுக்கு வினை வைப்பது மச்சானின் வான்தான். போகும்போது வாசலில் ஏற்றிக் கப்பலடியில் இறக்குவதால் கனம் தெரியாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு சோடி சப்பாத்து, இன்னொரு ஜாக்கெட் என்று உள்ளே போகும். அந்தக் கனத்தையெல்லாம் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோள்தான் சுமக்கும். ஆகவே வானை மறந்துவிட்டு, போவதும் ரயிலில்தான் என்று நினைத்து அடுக்குங்கள். மாமியின் கையில் கைப்பையைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு நடுத்தரப் பெட்டி. மகளுடையது இன்னும் சிறிதாக இருக்கட்டும். தன் பெட்டியைத் தானே தூக்கி ரயிலின் வாசற்படியில் வைக்க முடியாதவர் அதைக் குறைக்க வேண்டும். பயணத்துக்கு முந்தின வாரம் பெட்டிகளை அடுக்கி, வீட்டிலிருந்து ஈஸ்ட்ஹாம் ஸ்டேஷன் வரை ஒருமுறை உருட்டிக்கொண்டு போய்வாருங்கள். அயலவர் சிரிப்பார்கள். பரவாயில்லை. திரும்பி வந்ததும் பாதியை வெளியே எடுத்து வைப்பீர்கள்.

பன்னிரண்டு நாளுக்குப் பன்னிரண்டு உடுப்பு தேவையில்லை. ஆறு நாளுக்குக் கொண்டுபோய்க் கப்பலிலேயே தோய்க்கலாம். அலங்காரமாக உடுத்திக்கொண்டு சாப்பிடப் போகும் இரவுகளுக்குச் சேலையைப் போல வசதி எதுவுமில்லை. தட்டையாக மடியும், கோட்டுச்சூட்டைப்போல் இடத்தை அடைக்காது. பட்டு வேண்டாம், ஷிஃபான் போதும்.

பெட்டி அடங்கிவிட்டால் மிச்சம் சுலபம். தூரத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். சவுத்தாம்ப்டன் சென்ட்ரலிலிருந்து வாட்டர்லூ ஏறத்தாழ 79 மைல். வேகமான ரயிலில் ஒரு மணி இருபது நிமிடம் அளவில் வந்துவிடும். அந்த 79 மைலில் நீங்கள் செய்ய வேண்டியது உட்கார்ந்திருப்பது மட்டும்தான். வில்லங்கமெல்லாம் கப்பலடியிலிருந்து ஸ்டேஷன் வரை, வாட்டர்லூவில் நிலக்கீழ் ரயிலுக்கு மாறும் இடம், கடைசியில் ஈஸ்ட்ஹாமிலிருந்து உங்கள் வீட்டுக் கதவு வரை ஆகிய மூன்று இடங்களில்தான். நிமிடங்களை எண்ணாமல் பெட்டியைத் தூக்க வேண்டிய இடங்களை எண்ணுங்கள். வழி தானாகத் தெரியும்.

முதல் இடத்தைப் பார்ப்போம். சவுத்தாம்ப்டனில் பயணிகள் கப்பல் முனையங்கள் ஐந்து. சிட்டி, ஹொரைசன், மேஃப்ளவர் மூன்றும் மேற்குத் துறையில். இங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் சுமார் ஒரு மைல்தான். கால் நல்லாயிருப்பவர்கள் நடந்தே போகிறார்கள். ஓஷன், குயின் எலிசபெத் இரண்டு ஆகியவை கிழக்குத் துறையில். அவை ஸ்டேஷனுக்கு ஒன்றரை மைலுக்கு மேல். உங்கள் கப்பல் எந்த முனையத்துக்கு வருகிறது என்பது பயணச்சீட்டில் இருக்கும். அதை இப்போதே பாருங்கள். போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று என்பதும் நடக்கும்.

முனையம் எதுவானாலும் அந்த முதல் மைலுக்கு டாக்சி பிடியுங்கள் என்பேன். பொதுப் போக்குவரத்தில்தான் வருவது என்று முடிவெடுத்துவிட்டால் ஒவ்வோர் அடியும் பஸ்ஸிலும் ரயிலிலும்தான் போக வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். ஈஸ்ட்ஹாம் வரை டாக்சி என்றால்தான் காசு, ஸ்டேஷன் வரை என்றால் சில்லறை. ஒரே காலையில் இரண்டு மூன்று கப்பல்கள் வந்து நின்றால் டாக்சிக்கு வரிசை நீளும், அவ்வளவுதான். பஸ்ஸில்தான் போவது என்றால் மாமியின் ஃப்ரீடம் பாஸை மறக்காமல் எடுத்துப் போங்கள். அது லண்டனுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்து முழுவதும் உள்ளூர் பஸ்களில் அது செல்லும். வார நாளில் காலை 9.30க்குப் பிறகு, சனி ஞாயிறு என்றால் நாள் முழுவதும். அறுபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒய்ஸ்டர் அட்டை அப்படியல்ல, அது லண்டனோடு சரி.

ஒரு காலத்தில் இந்த முதல் மைல் என்ற பிரச்சினையே இருக்கவில்லை. 1892 முதல் அந்தத் துறைமுகமே ஒரு ரயில் கம்பனியின் சொத்து. 1950இல் திறந்த பழைய ஓஷன் முனையத்தில் ரயில் உள்ளேயே வந்து நிற்கும். கப்பலால் இறங்கி, சுங்கம் தாண்டி, அதே கட்டடத்தில் வாட்டர்லூ ரயிலில் ஏறலாம். 1983இல் அதை இடித்துவிட்டார்கள். மேற்குத் துறையில் நீங்கள் டாக்சியில் போகும் சாலைக்கு ஹெர்பர்ட் வாக்கர் என்று பெயர். அவர் ரயில் கம்பனியை நடத்தியவர். பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இனி, கப்பலில் கடைசி இரவு. பெட்டிகளில் நிறச்சீட்டுக் கட்டி இரவே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் அவை முனையத்து மண்டபத்தில் நிறவாரியாக வரிசையில் நிற்கும். சொந்தமாகப் பெட்டி இழுத்துக்கொண்டு முதலிலேயே இறங்குவதும் உண்டு. மாமியோடு அது வேண்டாம், கப்பல்காரரே இறக்கட்டும். வெளியே வைக்கும் முன் மாமியின் குளிசைகள், கடவுச்சீட்டுகள், மறுநாள் உடுப்பு, வீட்டுத் திறப்பு ஆகியவை கைப்பையில் இருக்கின்றனவா என்று இரண்டுமுறை பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. என் முதற் பயணத்தில் சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்து வெளியே தள்ளிவிட்டு, மறுநாள் குளியலறைச் செருப்போடு இங்கிலாந்துக்குள் நுழைந்தேன். இன்னொன்று: அந்த மண்டபத்தில் நூற்றுக்கணக்கில் கறுப்புப் பெட்டிகள் நிற்கும். பழைய சேலைக் கரையில் ஒரு துண்டு கிழித்துக் கைப்பிடியில் கட்டுங்கள். தூரத்திலேயே தெரியும்.

டிக்கெட் விஷயத்தில்தான் பலர் காசை விடுகிறார்கள். மலிவு என்று குறிப்பிட்ட ரயிலுக்கான அட்வான்ஸ் டிக்கெட் எடுக்காதீர்கள். பனிமூட்டம், காற்று, சுங்கத்தில் தாமதம் என்று கப்பல் ஒரு மணி நேரம் பிந்தினால் அந்த டிக்கெட் வெறும் கடதாசி. ஓஃப்-பீக் டிக்கெட் எடுங்கள், அடுத்த ரயிலில் ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை நெரிசல் நேரக் கட்டுப்பாடு இல்லை. நீங்கள் பெரியவர் மூவர் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால் குரூப்சேவ் என்ற கழிவு உண்டு, மூன்றிலொரு பங்கு குறையும், எந்த அட்டையும் தேவையில்லை. டிக்கெட் எடுக்கும்போது நீங்கள்தான் கேட்க வேண்டும். மகளுக்கு எப்படியும் அரை டிக்கெட். பெட்டிக்குக் காசில்லை. ஆளுக்கு இரண்டு பெரிய பொதி, ஒரு கைப்பை வரை ரயிலில் அனுமதி. பெரிய பொதி 30, 70, 90 சென்ரிமீற்றர் அளவுக்குள் இருக்க வேண்டும்.

மாமிக்காகப் பசெஞ்சர் அசிஸ்ட் பதிவு செய்யுங்கள். இலவசம். பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை சொல்லலாம் என்றாலும், முந்தின நாளே சொல்லிவைப்பது நல்லது. சவுத்தாம்ப்டன் சென்ட்ரலில் லண்டன் ரயில்கள் பெரும்பாலும் வடக்குப் பக்க மேடையிலிருந்து புறப்படும். துறைமுகப் பக்கம் தெற்கே. ஆகவே டாக்சிக்காரரிடம் "வடக்கு வாசல்" என்று சொல்லி இறங்குங்கள், பாலம் கடக்கும் வேலை மிச்சம். தெற்கில் இறங்கிவிட்டாலும் லிஃப்ட் இருக்கிறது. ரயிலுக்குள் முதுகோடு முதுகு ஒட்டிய இருக்கைகளுக்கு நடுவே நடுத்தரப் பெட்டி செருகலாம். கண்ணுக்குத் தெரியாத தட்டில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

வாட்டர்லூவில் நோர்தர்ன், பேக்கர்லூ பக்கம் போகவே வேண்டாம். ஜூபிலி பாதைக்கு லிஃப்ட் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை 1999இல் திறந்த பகுதி முழுவதும் படியில்லாமல் போகக் கட்டப்பட்டது. ஸ்ட்ராட்ஃபோர்ட் நோக்கிப் போகும் ரயிலில் ஏறி வெஸ்ட் ஹாமில் இறங்குங்கள். அங்கேயும் லிஃப்டில் டிஸ்ட்ரிக்ட் மேடைக்கு மாறலாம். பிளெய்ஸ்டோ, அப்டன் பார்க், மூன்றாவது ஈஸ்ட்ஹாம். புறப்படும் காலையில் லிஃப்ட்கள் வேலை செய்கின்றனவா என்று மகளைத் தொலைபேசியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்டேஷனில் "பழுது" என்ற பலகையைப் பார்த்துவிட்டு ஐம்பது படிக்கு முன்னால் நின்ற அனுபவம் எனக்குண்டு. ஒரு பொடியன் கேட்காமலே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். எல்லா நாளும் அப்படிப் பொடியன் வரமாட்டான்.

இவ்வளவும் ஒரு நிபந்தனையோடு: அன்று தண்டவாள வேலை நடக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அது நடக்கும், ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். பெட்டியோடு ரயிலால் இறங்கிப் பஸ், பஸ்ஸால் இறங்கி ரயில் என்று மாமியை இழுக்க வேண்டாம். சில வாரங்கள் முன்பே அறிவிப்பு வந்துவிடும், திகதியைப் போட்டுப் பாருங்கள். வேலை இருந்தால் ரயிலை விட்டுவிட்டு, சவுத்தாம்ப்டனிலிருந்து லண்டன் விக்டோரியாவுக்குக் கோச் எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். ஆனால் பெட்டி கீழறைக்குள் போய்விடும், வழியில் தூக்கும் வேலையே இல்லை. விக்டோரியா கோச் நிலையத்திலிருந்து நிலக்கீழ் ரயிலுக்குப் பத்து நிமிட நடை. அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் பாதை மாறாமலே ஈஸ்ட்ஹாம். உண்மையைச் சொன்னால், நேரம் ஒரு பொருட்டில்லை என்றால் மாமிக்கு நான் இதையே முதலில் சொல்வேன். உங்கள் மகள் ரயிலைத்தான் கேட்பாள்.

சுங்கம் பற்றி இரண்டு வரி. ஆளுக்குப் பதினெட்டு லீற்றர் வைன் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்று சட்டம் சொல்கிறது. அதைத் தூக்குவது யார் என்று சட்டம் சொல்லவில்லை. ஸ்பெயினில் வாங்கும் பன்றி இறைச்சி, சீஸ் வகைகள் வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் தனிப்பட்ட முறையில் கொண்டுவரத் தடை.

ஈஸ்ட்ஹாம் ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் மறுபடி டாக்சி. பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வருகிற மாமி அந்தக் கடைசி அரை மைலை நடக்கத்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த முறை கப்பல் பதிவு செய்யும்போது டில்பரியிலிருந்து புறப்படுவதாகப் பாருங்கள். 1950களில் ஓரியன்ட் லைன் கப்பல்களில் கொழும்பிலிருந்து வந்த நம்மவர்கள் இறங்கிய இடம் அது. இறங்குதுறையோடு ஒட்டியே ஸ்டேஷன் இருந்தது, 1992இல் மூடிவிட்டார்கள். இப்போது டில்பரி டவுன் ஸ்டேஷன் வரை பஸ் அல்லது டாக்சி, அங்கிருந்து ரயிலில் பார்க்கிங். பார்க்கிங்கிலிருந்து ஈஸ்ட்ஹாம் ஒரே ஒரு ஸ்டேஷன். உங்கள் கணவர் பெரிய பெட்டியே கொண்டுவரட்டும்.