இயந்திரத்தின் தொடக்க இடம்



தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இடப்பக்கத்து நெம்புகோலைத் தள்ளுகிறோம். 'கேரேஜ்' வலப்பக்கம் ஓடி ஒரு முட்டில் இடித்து நிற்கிறது. அடுத்த வரி, முந்தைய வரிக்கு நேர் கீழே தொடங்குகிறது. அந்த முட்டு இல்லையேல் ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கி, கடிதம் கோணற்படிக்கட்டாகிவிடும். அசையும் உறுப்பு எதுவாயினும் அதற்கு இத்தகைய தொடக்க இடம் ஒன்று வேண்டும். பட்டறைகளில் இதனை 'ஹோம்' என்கிறார்கள். அவ்விடத்திற்குப் பிசகின்றித் திரும்புவது எங்ஙனம் என்பதையே இங்குக் காண்போம்.

கணினியால் இயங்கும் மில்லிங் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேலைப்பொருளைத் தாங்கும் மேசையை ஒரு திருகுத்தண்டு நகர்த்துகிறது. தண்டைச் சுழற்றுவது ஸ்டெப்பர் மோட்டார். அது ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுழலும். ஒரு சுற்றுக்கு மேசை 5 மி.மீ. நகருமாயின், ஒரு படிக்கு 0.025 மி.மீ. நகரும். எத்தனை படிகள் என்று கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். ஆனால் எங்கிருந்து எண்ணுவது? மின்சாரம் நின்றால் எண்ணிக்கை மறந்துபோகும். நின்ற நேரத்தில் யாரேனும் மேசையைக் கையால் தள்ளியிருக்கவும் கூடும். கண்ணைக் கட்டி மைதானத்தில் விடப்பட்டவளிடம், "பத்தடி முன்னே நட" என்றால் நடந்துவிடுவாள். ஆனால் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை அவள் அறியாள். இயந்திரத்தின் நிலையும் அதுவே. அறியாமலே வேலையைத் தொடங்கினால், வெட்டுளி இரும்பைத் துளைப்பதற்குப் பதிலாக அதைப் பிடித்திருக்கும் இடுக்கியைத் துளைக்கும். அருகில் கை வைத்திருப்பவருக்கும் ஆபத்து.

தட்டச்சுப் பொறியைப் போல் முட்டும் வரை தள்ளிவிடுவதே எளிய வழி. 1978-இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் 'டிஸ்க் 2' என்னும் நெகிழ்தட்டு இயக்கியில், அதை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக் இவ்வழியையே கையாண்டார். தட்டில் 35 தடங்கள். படிக்கும் முனை எங்கிருந்தாலும், "40 தடங்கள் வெளிப்புறமாகப் போ" என்று கட்டளை பிறக்கும். முனை ஓரத்தில் இடித்து இடித்துக் கடகடவென்று ஓசை எழுப்பும். இடித்து நின்ற இடமே முதல் தடம். உணர்வி ஒன்றின் செலவு மிச்சமாயிற்று! எடை குறைந்த முனைக்கு இது பொருந்தும். கனமான இரும்பு மேசையை இப்படி மோதவிட்டால் தண்டும் தாங்கியும் கெடும்.

ஆகவே ஓரத்தில் ஒரு லிமிட் சுவிட்சு வைக்கிறார்கள். மேசை அதைத் தொட்டதும் மோட்டார் நிற்கும். இது போதுமா? சற்றுக் கணக்கிடுவோம். கணினி, சுவிட்சை ஆயிரத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறது என்று கொள்வோம். மேசை விநாடிக்கு 50 மி.மீ. வேகத்தில் வந்தால், ஒருமுறை பார்ப்பதற்கும் மறுமுறை பார்ப்பதற்கும் இடையே 0.05 மி.மீ. நகர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அந்த அளவுக்குள் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். விநாடிக்கு 2 மி.மீ. என்றாலோ பிசகு 0.002 மி.மீ. மட்டுமே. ஆனால் முழுத் தொலைவையும் அவ்வளவு மெதுவாகக் கடந்தால் காலை வேலை மதியந்தான் தொடங்கும். ஆகவே வேகமாகச் சென்று சுவிட்சைத் தொட்டு, சில மி.மீ. பின்வாங்கி, மீண்டும் மெல்ல நெருங்கித் தொடுவது வழக்கம். இரண்டாம் தொடுகையே கணக்கில் சேரும்.

இந்த இரண்டாம் தொடுகை எப்போதும் ஒரே திசையிலிருந்து வரவேண்டும். திருகுக்கும் நட்டுக்கும் இடையே சிறு தளர்வு இருக்கும். தொழிலாளர் அதனைப் 'பேக்லாஷ்' என்பர். திசை மாறும்போதெல்லாம் அத்தளர்வு தீரும் வரை தண்டு சுழலும், மேசை அசையாது. சுவிட்சும் அப்படித்தான். அழுத்தும்போது மூடும் இடம் வேறு, விடும்போது திறக்கும் இடம் வேறு.

இதனினும் நுட்பமான முறை ஒன்று உண்டு. மோட்டாரோடு சுழலும் என்கோடரில், சுற்றுக்கு ஒருமுறை மட்டும் தோன்றும் ஓர் அடையாளக் குறி இருக்கும். மேசை சுவிட்சைத் தொட்டுப் பின்வாங்கி, சுவிட்சு விடுபட்டபின் வரும் முதல் குறியில் நிற்கும். நாட்காட்டி தேதியையும் கடிகாரம் மணியையும் சொல்வதுபோல, எந்தச் சுற்று என்பதைச் சுவிட்சு சொல்கிறது. சுற்றுக்குள் எந்த இடம் என்பதைக் குறி சொல்கிறது. சுற்றுக்கு 10 மி.மீ. நகரும் தண்டில் சுவிட்சு 0.2 மி.மீ. பிசகினாலும் பாதகமில்லை.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சுவிட்சு விடுபடும் இடமும் குறியும் மிக நெருங்கியிருந்தால், ஒருநாள் குறிக்குச் சற்று முன்னும் மறுநாள் சற்றுப் பின்னும் சுவிட்சு விடுபடும். பின்னே விடுபட்ட நாளில் இயந்திரம் அடுத்த குறியைத்தான் பிடிக்கும். அன்று எல்லாத் துளைகளும் சரியாக 10 மி.மீ. தள்ளி விழும்! ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி மாறாததால், ஸ்கேல் வைத்துத் துளைகளுக்கிடையே அளந்தாலும் தவறு தெரியாது. வாரத்தில் ஒருநாள் மட்டும் நேரும் இப்பிழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இதனால் குறியிலிருந்து ஏறக்குறைய அரைச்சுற்று, அஃதாவது 5 மி.மீ., தள்ளிச் சுவிட்சு விடுபடுமாறு பொருத்துகிறார்கள்.

ஹோம் என்பது ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி இருந்தாலும் குற்றமில்லை. அந்த அளவை ஒருமுறை கணினியில் பதித்துவிடலாம். நாள்தோறும் அதே இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரிசையும் முக்கியம். மில்லிங் இயந்திரத்தில் வெட்டுளி முதலில் மேலே ஏற வேண்டும். அதன்பின்னரே மேசை நகரலாம். மாற்றிச் செய்தால் வெட்டுளி வேலைப்பொருளில் மோதி ஒடியும். சுவிட்சின் கம்பி இணைப்பிலும் கவனம் தேவை. சாதாரண நிலையில் மின்னோட்டம் ஓடி, தொட்டதும் அறுபடுமாறு இணைப்பதே நல்லது. எலி கடித்தோ எண்ணெயில் ஊறியோ கம்பி அறுந்தால், சுவிட்சு தொடப்பட்டதாகவே கருதி இயந்திரம் நின்றுவிடும். நேர்மாறாக இணைத்திருந்தால், அறுந்த கம்பியை நம்பி மேசை ஓரத்தில் சென்று மோதும்.

தன் இடத்தை மறவாத என்கோடர்களும் இன்று பல இயந்திரங்களில் உள்ளன. இவற்றுக்குத் தினமும் ஹோம் தேட வேண்டியதில்லை. எனினும் இவற்றுட் பலவற்றின் நினைவைக் காப்பது ஒரு சிறு பேட்டரியே. இயந்திரம் அணைந்திருக்கையில் பேட்டரியைக் கழற்றினால் நினைவு போய்விடும். தேர்ந்தவர் ஒருவர் வந்து தொடக்க இடத்தை மீண்டும் பதிக்க வேண்டும். அதனால்தான் அதை மாற்றும்போது கன்ட்ரோலரின் மின்சாரத்தை நிறுத்தாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.