நாக்கு ஊறுவது குற்றமல்ல

அன்புள்ள தம்பிக்கு,

குடியை விட்ட கையோடு ஸ்டோயிக் தத்துவ நூல்களைப் படிக்கிறாய் என்று அறிந்தேன். நல்லதுதான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதுதான் ஸ்டோயிக்குகள் சொன்னது என்று நினைத்துவிடாதே. அவர்களுள் ஒருவரான, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸின் பாடம், நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிப்பதில் தொடங்குகிறது. குடிக்கத் தோன்றுவது இதில் எந்தப் பக்கம்? நம் கையில் இருப்பதாக எண்ணித்தான் பலரும், தோன்றும்போதெல்லாம் தங்களைத் திட்டித் தீர்க்கிறார்கள். சினத்தைப் பற்றி எழுதிய இன்னொரு ஸ்டோயிக்கான செனெகா வேறு சொல்கிறார்: குளிர்ந்த நீர் பட்டால் உடல் சிலிர்ப்பதைப் போல மனத்தின் முதல் அசைவும் தானாக வருவது, அறிவால் தடுக்க முடியாதது, மனம் அதற்கு இசைந்த பிறகே அது சினமாகிறது. சம்பள நாள் மாலையில் பழைய கூட்டாளியின் போன் வந்ததும் நாக்கு ஊறுகிறதே, அது முதல் அசைவு. "ஒரு ரவுண்டுதானே" என்று உள்ளே எழும் பேச்சுக்குத் தலையாட்டுவது அடுத்தது. உன் வேலை அங்கேதான்.

இந்தப் பாடம் இன்றைய சிகிச்சையிலும் உண்டு. 1950களில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் உளச்சிகிச்சை முறையை வகுத்தபோது எபிக்டெட்டஸுக்குப் பட்ட கடனை மறைக்கவில்லை. குடியிலிருந்து மீள உதவும் ஸ்மார்ட் ரிகவரி குழுக்கள் இன்றும் அம்முறையைக் கையாள்கின்றன. உளவியலாளர் ஆலன் மார்லட், வேட்கையோடு மல்லுக்கட்டாமல் அது ஏறி இறங்குவதைக் கவனிக்கப் பழக்கினார். சறுக்கலைப் பற்றி அவர் கண்டது இன்னும் முக்கியம்: ஒரு முறை குடித்ததைவிட, "எல்லாம் போச்சு" என்ற முடிவுதான் ஆளை முழுக் குடிக்குத் திருப்புகிறது. அந்த முடிவும் நாம் தருகிற இசைவுதான்.

மூளையையே மாற்றிவிடும் நோய்க்குத் தத்துவம் என்ன செய்யும் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். அது மருத்துவர் பார்க்க வேண்டியது, எபிக்டெட்டஸ் அல்ல. நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகள் வேட்கையைத் தணிக்க உதவும். அவற்றை விழுங்குவதில் தன்மானக் குறைவு ஒன்றுமில்லை. மருத்துவரிடம் போவதும், கடை இல்லாத தெருவழியே வீடு திரும்புவதும் உன் கையில் இருப்பவை. 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியிலிருந்து மீள்வோரின் அமைப்பு, குடிமுன் தான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறதே, இது முரணில்லையா என்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைக்கு எட்டாததை எட்டாதது என்று ஒப்புக்கொள்வது எபிக்டெட்டஸ் போட்ட அதே கோடு. ஆகவே அவர்கள் கூட்டத்துக்கும் போ, புத்தகத்தையும் படி. முதலில் மருத்துவரைப் பார். எவ்வளவு குடித்தாய், கடைசியாக எப்போது என்று கேட்பார், குறைத்துச் சொல்லாதே.

அன்புடன்,
பெரியப்பா