குற்றம் சாட்டினால் பதவி போய்விடுமா?

கேள்வி: டிரம்பை இரண்டு தடவை "இம்பீச்" செய்தார்கள். ஆனாலும் ஆள் அசையவில்லை. 2025-இல் மறுபடியும் அதிபராக வந்து உட்கார்ந்துவிட்டார். நம் மலாக்காவில் நான்கே பேர் ஆதரவை மீட்டுக்கொண்டார்கள், உடனே சட்டமன்றமே இல்லாமல் போனது. இந்த இம்பீச்மென்ட் முறை எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் அது ஏன் இல்லை? ஒட்டுக்கடையில் பேச்சு வந்தது, ஆளுக்கொரு விடை சொன்னார்கள்.
– வாசகர், சுங்கை ரம்பாய்

பதில்: முதலில் டிரம்ப் கதையை முடித்துவிடுவோம். அமெரிக்காவில் குற்றம் சாட்டுவது ஒரு சபை, தீர்ப்புச் சொல்வது இன்னொரு சபை. தோட்டத்துக் கோவில் கமிட்டியில் பொருளாளர்மீது கணக்குப் புகார் எழுந்தால், புகார் கொடுத்தவரே தீர்ப்பும் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் வேறு ஆட்களை உட்கார வைப்பார்களே, அதே ஏற்பாடுதான். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். நீங்கள் செய்தியில் பார்த்த "இம்பீச்" இவ்வளவுதான். விசாரணை செனட்டில் நடக்கும். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால்தான் பதவி போகும். 2021 பிப்ரவரி 13 அன்று டிரம்ப் குற்றவாளி என்று 57 பேரும் இல்லையென்று 43 பேரும் வாக்களித்தார்கள். தேவை 67. அவர் அதற்கு முன்பே பதவியிலிருந்து இறங்கியிருந்தார். குற்றவாளி என்று முடிவாகியிருந்தால், இனிமேல் பதவிக்கு வரக்கூடாது என்று தடை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இதுவரை எந்த அமெரிக்க அதிபரும் இந்த வழியில் பதவி இழந்ததில்லை. 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். கிளின்டன் 1999-இல் தப்பினார். 1974-இல் நிக்சன், சபை வாக்கெடுக்கும் முன்பே ராஜினாமா செய்துவிட்டார்.

இனி, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருவோம். இதன் ஊர் இங்கிலாந்து, ஆண்டு 1376. மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கு வயதாகிவிட்டது. அவரைச் சுற்றியிருந்தவர்கள் கஜானாவில் கை வைக்கிறார்கள் என்று மக்கள் சபைக்குக் கோபம். மன்னரைத் தொட முடியாது, ஆனால் மன்னரின் ஆட்களைத் தொடலாம். லாட்டிமர் பிரபு, ரிச்சர்ட் லயன்ஸ் என்ற லண்டன் வணிகர் ஆகியோர்மீது மக்கள் சபை குற்றம் சாட்ட, பிரபுக்கள் சபை விசாரித்தது. ஒரு சபை சாட்டும், மறு சபை தீர்க்கும் என்ற பழக்கம் அங்கேதான் பிறந்தது.

அது அட்லாண்டிக் கடலைத் தாண்டிய நேரத்தில் லண்டனில் பரபரப்பாகப் பேசப்பட்டது நமக்கும் தெரிந்த பெயர்தான்: வாரன் ஹேஸ்டிங்ஸ். சென்னைக் கோட்டையில் சில ஆண்டுகள் கம்பெனி உத்தியோகம் பார்த்து, பிறகு வங்காளத்தின் தலைமை ஆளுநரானவர். இந்தியாவில் அவர் செய்த கொடுமைகளுக்காக மக்கள் சபை உறுப்பினர் எட்மண்ட் பர்க் முன்னின்று 1787-இல் குற்றம் சாட்ட வைத்தார். அதே ஆண்டில் பிலடெல்பியாவில் அமெரிக்கர்கள் தங்கள் அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருந்தார்கள். தேசத் துரோகம், லஞ்சம் இரண்டுக்கு மட்டும் அதிபரை நீக்கலாம் என்று வரைவில் இருந்தது. செப்டம்பர் 8 அன்று ஜார்ஜ் மேசன் எழுந்து, இது போதாது, ஹேஸ்டிங்ஸ் செய்தது தேசத் துரோகத்தில் அடங்குமா என்று கேட்டார். "நிர்வாகச் சீர்கேடு" என்பதையும் சேர்க்கச் சொன்னார். ஜேம்ஸ் மேடிசன் மறுத்தார்: இப்படித் தெளிவில்லாமல் எழுதினால், செனட்டுக்குப் பிடிக்கிறவரைதான் அதிபர் நாற்காலியில் இருப்பார். கடைசியில், இங்கிலாந்தின் பழைய வழக்குகளில் புழங்கிய "பெருங்குற்றங்கள், தவறான நடத்தைகள்" என்ற சொற்றொடரில் சமரசம் ஆனார்கள். வங்காளத்துக் குடியானவன் பட்ட பாட்டுக்கு அமெரிக்கச் சட்டத்தில் இப்படி ஓர் ஓரம் கிடைத்தது. ஹேஸ்டிங்ஸ் என்னவோ ஏழு ஆண்டு விசாரணைக்குப் பிறகு 1795-இல் விடுதலையானார்.

மேடிசன் பயந்தாரே, அந்த ஏற்பாடுதான் இன்றைக்கு நம்முடையது. இங்கிலாந்தில் பிரதமரும் அமைச்சரவையும் மக்கள் சபையின் ஆதரவில் நிற்கும் முறை வலுத்ததும், குற்றம், சாட்சி, விசாரணை என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கத் தேவையில்லாமல் போனது. ஆதரவு போனால் ஆட்சி போயிற்று. 1806-இல் மெல்வில் பிரபுவோடு அங்கே இம்பீச்மென்ட் வழக்குகள் நின்றுவிட்டன. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1957-இல் நாம் வாங்கிக்கொண்டது இந்த இரண்டாவது முறையை. நம் அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு, பிரதமருக்கு மக்களவையின் பெரும்பான்மை நம்பிக்கை இல்லையென்றால் அவர் ராஜினாமா செய்ய வேண்டும், அல்லது மன்றத்தைக் கலைக்கும்படி மாமன்னரைக் கேட்க வேண்டும் என்கிறது. என்ன குற்றம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நம்பிக்கையை எங்கே எண்ணுவது என்பதில்கூட நாம் தாராளம். 2009-இல் பேராக்கில் நிசார் ஜமாலுடின் ஆட்சி போனது சட்டமன்ற வாக்கெடுப்பில் அல்ல. மன்றத்துக்கு வெளியேயும் பெரும்பான்மையை அறியலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. அதிலிருந்து சத்தியப் பிரமாணக் கடிதங்களுக்கு வந்த மவுசைத்தான் நாம் பார்த்தோமே. 2021 ஆகஸ்டில் பிரதமர் முகைதின் யாசின் விலகியபோதும் மக்களவையில் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

உங்கள் மாநிலத்துக் கணக்கும் அதுவே. 28 இடங்கள், 28-ஆவது இடம் உங்கள் சுங்கை ரம்பாய். 2018-இல் நம்பிக்கைக் கூட்டணிக்கு 15, தேசிய முன்னணிக்கு 13. 2020 மார்ச்சில் சிலர் பக்கம் மாற, அட்லி சஹாரி போய் சுலைமான் அலி முதலமைச்சரானார். 2021 அக்டோபர் 4-இல் நான்கு பேர் ஆதரவை மீட்டுக்கொள்ள, சட்டமன்றம் கலைந்தது. நவம்பர் 20 தேர்தலில் தேசிய முன்னணி 21 இடங்களைப் பிடித்தது. அதே சுலைமான் அலி மறுபடியும் முதலமைச்சரானார். நால்வரில் ஒருவரான முன்னாள் முதலமைச்சர் இட்ரிஸ் ஹரோன் அசஹானில் நின்று தோற்றார். வேகம் என்றால் இது வேகம். ஆனால் அந்த முதலமைச்சர் செய்த தவறு என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று எந்த மன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை.

குற்றம் சாட்டி, விசாரித்து நீக்கும் முறை நம் நாட்டில் நீதிபதிகளுக்கு உண்டு, 125-ஆம் பிரிவு. ஆனால் அங்கே குற்றம் சாட்டும் கை யாருடையது தெரியுமா? அமெரிக்காவில் நீதிபதியானாலும் அதிபரானாலும் நாடாளுமன்றம்தான் சாட்டும். இங்கே, பிரதமர் மாமன்னரிடம் தெரிவித்தால் நடுவர் மன்றம் அமையும். 1988-இல் அதுதான் நடந்தது. அரசு நீதித்துறையைத் தாக்கிப் பேசுவதைக் குறித்து அன்றைய தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் மார்ச் 26-இல் மாமன்னருக்குக் கடிதம் எழுதினார். பிறகு அவர்மீதே நடுவர் மன்றம் வந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர், அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த அப்துல் ஹமிட் ஓமார். உறுப்பினர்களில் சிங்கப்பூர் நீதிபதி டி.எஸ். சின்னத்துரையும் ஒருவர். ஆகஸ்டில் சாலே நீக்கப்பட்டார். அப்துல் ஹமிட் தலைமை நீதிபதியானார். நடுவர் மன்றத்துக்குத் தடையாணை கொடுத்த ஐந்து நீதிபதிகளும் இடைநீக்கம் செய்யப்பட்டு, அவர்களில் வான் சுலைமானும் ஜார்ஜ் சியாவும் பதவி இழந்தார்கள். 2008-இல் அப்துல்லா படாவி அரசு அவர்களுக்குக் கருணைத் தொகை கொடுத்தது. அதிகாரத்துக்குக் கடிவாளமாக இங்கிலாந்தில் பிறந்த கருவி, இங்கே அதிகாரத்தின் கையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. நாடாளுமன்றத்திடம் கொடுத்தால் மட்டும் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 1993-இல் இந்திய மக்களவையில் தமிழ்நாட்டு நீதிபதி வி. ராமசாமிமீது தீர்மானம் வந்தபோது 196 பேர் ஆதரித்தார்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை, ஆனாலும் தீர்மானம் தோற்றது. காங்கிரசாரும் கூட்டணியினருமாக 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டதே, இனி மலாக்கா மாதிரி நடக்காதே என்று ஒட்டுக்கடையில் யாராவது கேட்டிருப்பார்கள். 49A பிரிவு 2022 அக்டோபர் 5 முதல் நடப்பில் இருக்கிறது. கட்சியை விட்டு விலகும் நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி காலியாகும். ஆனால் கட்சியே ஒருவரை நீக்கினால் தொகுதி போகாது. 2021-இல் இட்ரிஸ் ஹரோனும் நோர் அஸ்மான் ஹசானும் அம்னோவை விட்டு விலகவில்லை. அம்னோதான் அவர்களை நீக்கியது.