அதிகாரம் கொடுப்போம், எல்லையும் வகுப்போம்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மார்டள்ளியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு முத்திரைத்தாளுடன் வந்தான். மக்காச்சோள வியாபாரமும் ஒரு சிறு கடையும் நடத்துகிறவன். பெங்களூரில் ஒரு கட்டட வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்திருக்கிறான். ஒரு வருடம் அங்கேயே தங்க வேண்டும். ஊரில் உள்ள வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள மச்சினனுக்குப் பவர் எழுதிக் கொடுக்கப் போகிறான். "பெரியப்பா, சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடுங்க" என்றான்.

தாள் கன்னடத்தில் இருந்தது. நம்மூரில் வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம். பேசத் தெரிந்த அளவுக்குப் படிக்கத் தெரியாதவர்கள் இன்னும் பலர். தம்பியும் அப்படித்தான். நான் உரக்கப் படித்துச் சொன்னேன். அவன் பெயரில் சரக்கு வாங்கலாம், விற்கலாம், கடன் பெறலாம், அடமானம் வைக்கலாம், வழக்கில் சமாதானம் செய்யலாம், இன்னும் தேவையான சகல காரியங்களும் செய்யலாம் என்று எழுதியிருந்தது.

"இவ்வளவும் கொடுக்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்ல பெரியப்பா. அம்பதாயிரத்துக்கு மேல எது வாங்கினாலும் என்னக் கேக்கணும். கடன் வாங்கவே கூடாது. அது எங்களுக்குள்ள பேசிக்கிட்டது."

"எங்களுக்குள்ள" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் வக்கீல் அல்லன். ரயில்வேயில் டிப்ளமோ இன்ஜினீயராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஒப்பந்தக் காகிதங்களோடு பல ஆண்டுகள் பழகியதில் கற்றுக்கொண்டதையும், ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டதையும் நம் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1. டோக்கன் சொல்லும் பாடம்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒற்றைப் பாதையில் ஒரு ஸ்டேஷனை விட்டு ரயில் புறப்பட வேண்டுமானால் டிரைவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும். அந்த டோக்கன் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்தான் செல்லும். அங்கே போனதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது கருவிக்குள் திரும்பும் வரை அந்தப் பாதைக்கு வேறு டோக்கன் வெளியே வராது.

ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பதும் இப்படித்தான் இருக்க வேண்டும். யாருக்கு, எந்த வேலைக்கு, எதுவரை, எப்போது திரும்பப் பெறுவது என்ற நான்கும் தெளிவாக வேண்டும். ரயிலில் இதைக் கருவியே பார்த்துக்கொள்ளும். வியாபாரத்தில் காகிதம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. இரகசிய எல்லை வெளியாரைக் கட்டாது

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 182-ஆம் பிரிவு முதல் 238-ஆம் பிரிவு வரை முதலாளி, ஏஜெண்ட் உறவைப் பற்றியவை. இங்கே ஏஜெண்ட் என்றால் நம் சார்பில் வெளியாரோடு காரியம் செய்கிற எவரும் ஆகலாம். கடை மானேஜரும் ஏஜெண்ட்தான், பவர் வாங்கிய மச்சினனும் ஏஜெண்ட்தான்.

237-ஆம் பிரிவு நாம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. நம் ஏஜெண்டுக்கு ஒரு காரியத்தில் அதிகாரம் உண்டு என்று நம் பேச்சாலோ நடத்தையாலோ வெளியாரை நம்ப வைத்திருந்தால், அவன் வரம்பு மீறினாலும் நாம் கட்டுப்படுவோம். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் சரக்கை ஏஜெண்டிடம் விற்பனைக்கு அனுப்பி, இன்ன விலைக்குக் குறைத்து விற்காதே என்று சொல்கிறார். இதை அறியாத ஒருவர் ஏஜெண்டிடம் குறைந்த விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்கிறார். சரக்கின் சொந்தக்காரர் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்தான்.

கூட்டு வியாபாரத்திலும் இதே நியாயம்தான். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு, ஒரு பங்குதாரர் தனியாகச் செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. தன் சொந்தப் பெயரில் கம்பெனிக்குப் பாங்க் கணக்குத் தொடங்குவது, வியாபார வழக்கை மத்தியஸ்தத்துக்கு விடுவது, கம்பெனிக்காக நிலம் வாங்குவது, கம்பெனி நிலத்தை மாற்றிக் கொடுப்பது முதலியவை அதில் உண்டு. இவற்றுக்கு மேலும் பங்குதாரர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு எழுதிக்கொள்ளலாம். ஆனால் வழக்கமான வியாபாரக் காரியத்தில் அந்தக் கட்டுப்பாடு அதை அறிந்த வெளியாரைத்தான் தடுக்கும், அறியாதவரைத் தடுக்காது என்கிறது 20-ஆம் பிரிவு.

ஆகவே தம்பியின் ஐம்பதாயிரம் ரூபாய் வரம்பு அவன் மனசிலும் மச்சினன் மனசிலும் மட்டும் இருந்தால், மண்டி வியாபாரிக்கு அது இல்லாததற்குச் சமம். அவர் முத்திரைத்தாளைத்தான் பார்ப்பார்.

3. திரும்பப் பெறுவதையும் சொல்லியாக வேண்டும்

"பிடிக்காவிட்டால் பவரைக் கேன்சல் பண்ணிடுவேன்" என்று பலரும் சொல்வார்கள். பொதுவாகச் செய்யலாம்தான். ஆனால் 208-ஆம் பிரிவைக் கவனியுங்கள். ரத்து செய்தது ஏஜெண்டைப் பொறுத்தவரை அவனுக்குத் தெரிந்த பிறகுதான் செல்லும், வெளியாரைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் செல்லும்.

இதற்கும் சட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கில் உள்ள தம் பருத்தியை விற்கச் சொல்லி ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு மனம் மாறி, விற்க வேண்டாம், சென்னைக்கு அனுப்பு என்று மறு கடிதம் எழுதுகிறார். ஏஜெண்ட் அது கிடைத்த பிறகும் பருத்தியை விற்கிறான். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் கொடுத்த பணத்தோடு ஏஜெண்ட் ஓடிவிடுகிறான். நஷ்டம் யாருக்கு? சென்னைக்காரருக்குத்தான். வாங்கியவர் கொடுத்த பணம் செல்லும்.

ஊரை விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். நாம் ஓரிடம், சொத்து ஓரிடம், ஏஜெண்ட் வேறிடம். செய்தி போய்ச் சேராத இடைவெளியில்தான் நஷ்டம் நுழைகிறது.

4. சர்க்கார் ஒப்பந்தத்தில் நேர் எதிர்

தனியார் விஷயத்தில் வெளித்தோற்றம் நம்மைக் கட்டும். சர்க்காரிடம் அப்படியல்ல. அரசியல் சட்டத்தின் 299-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் ஒப்பந்தம் ஜனாதிபதி பெயரிலும், மாநில அரசின் ஒப்பந்தம் கவர்னர் பெயரிலும் எழுதப்பட்டு, அதற்கென அதிகாரம் பெற்றவர் விதித்த முறையில் கையெழுத்திட வேண்டும். பஞ்சாயத்துக்கும் முனிசிபாலிட்டிக்கும் அவற்றுக்குரிய தனிச் சட்டங்கள் உண்டு.

இதில் எங்கள் ரயில்வே சம்பந்தப்பட்ட ஒரு பிரசித்தமான வழக்கு இருக்கிறது. 1943-இல், யுத்த காலத்தில், ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் டிவிஷனல் சூப்பரின்டெண்டென்ட் ஒருவர் ஊழியர்களுக்காகத் தானியம் வாங்க பிக்ராஜ் ஜெய்ப்பூரியா என்ற வியாபார நிறுவனத்துக்கு ஆர்டர்கள் கொடுத்தார். கொஞ்சம் தானியம் வந்தது, ரயில்வே எடுத்துக்கொண்டது. பிறகு மீதியை ஏற்க மறுத்துவிட்டது. வியாபாரி நஷ்ட ஈடு கேட்டார். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1961-இல் வந்த தீர்ப்பு வியாபாரிக்குப் பாதகமானது. அன்றைய 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் விதித்தபடி கவர்னர் ஜெனரல் பெயரில் ஒப்பந்தம் எழுதப்படவில்லை, ஆகவே அது செல்லாது என்றது கோர்ட். அதிகாரிக்கு ஆர்டர் கொடுக்க அதிகாரம் இருந்ததா என்பது மட்டும் கேள்வியல்ல. விதித்த முறையும் நிறைவேற வேண்டும்.

இனி என் தவறைச் சொல்கிறேன். 1980-களில், நான் இளைஞனாக ஒரு பிரிவில் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மழையில் ஒரு கல்வெர்ட்டின் பக்கம் மண் சரிந்தது. பக்கச் சுவரை இன்னும் சில மீட்டர் நீட்டிக் கட்டினால்தான் நிற்கும். வேலை எடுத்திருந்தவர் தர்மபுரிப் பக்கத்துச் சிறு காண்டிராக்டர். "கட்டுங்க, பில்லுல சேத்துக்கலாம்" என்று வாயால் சொன்னேன். அவரும் ஒரு வாரத்தில் கட்டி முடித்தார். நல்ல வேலை.

பில் போனது. கூடுதல் வேலைக்கு மேலதிகாரியின் எழுத்து உத்தரவு எங்கே என்று கேட்டார்கள். இல்லை. என் பதவிக்கு அப்படிச் சொல்லும் அதிகாரமும் இல்லை. அந்தத் தொகை வெட்டப்பட்டது. அவர் தம் கான்கிரீட் மிக்ஸரை விற்று ஆட்களுக்குக் கூலி கொடுத்தார் என்று பிறகு அறிந்தேன். என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "சார் சொன்னீங்க, செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது.

பல வருடங்களுக்குப் பிறகுதான் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவைப் படித்தேன். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி செய்த காரியத்தின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. மேற்கு வங்கத்தில் பி.கே. மண்டல் என்ற காண்டிராக்டர் நிறுவனம் 1944-இல் அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி சிவில் சப்ளை இலாகாவுக்குக் கொட்டகையும் பாதையும் கட்டிக் கொடுத்தது. ஒப்பந்தம் முறைப்படி இல்லை. ஆனாலும் சர்க்கார் அவற்றை ஏற்று உபயோகித்ததால் இந்தப் பிரிவின்படி பணம் பெறலாம் என்று சுப்ரீம் கோர்ட் 1961-இல் தீர்ப்பளித்தது. என் காண்டிராக்டரும் இப்படிக் கேட்டுப் பார்த்திருக்கலாம். எங்கள் இருவருக்கும் அது தெரியாது. தெரிந்தபோது மூன்று வருட காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டது.

5. நம் முன்னோர் செய்த ஏற்பாடு

இதெல்லாம் வெள்ளைக்காரன் சட்டம், நமக்கு நம்பிக்கைதான் என்று சிலர் சொல்வார்கள். நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய விதத்தைப் பாருங்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருக்கும். அங்கே போகும் ஏஜெண்ட் சொந்தச் சமூகத்தவர், பல சமயம் உறவினர். அப்படியிருந்தும் சம்பளச் சீட்டு எழுதப்படும், பவர் பத்திரம் கொடுக்கப்படும். தவணை பெரும்பாலும் மூன்று வருடம். முடிந்ததும் அடுத்து வரும் ஏஜெண்டிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். கடல் கடந்த வியாபாரம் நம்பிக்கையால் நடந்தது உண்மை. அந்த நம்பிக்கைக்குத் தவணையும் கணக்கும் இருந்தன.

6. எழுதும்போது கவனிக்க வேண்டியவை

அ) வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "சகல காரியங்களும்" என்ற சொல்லைத் தவிர்க்கவும். பவர் பத்திரத்தைக் கோர்ட்டுகள் இறுக்கமாகவே படிக்கும். அரசாங்கக் கடன் பத்திரங்களை விற்கவும் மாற்றவும் கொடுத்த பவர், அவற்றை அடகு வைக்கச் செல்லாது என்று 1884-லேயே பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தா வழக்கில் சொல்லியிருக்கிறது.

ஆ) தொகை வரம்பை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். கடன், அடமானம், ஜாமீன் இவற்றுக்கு அதிகாரம் இல்லை என்று தனி வரியில் சொல்லுங்கள்.

இ) தவணை குறிப்பிடுங்கள். முடிவுத் தேதி இல்லாத பவர், திருப்பித் தராத டோக்கன்.

ஈ) ஏஜெண்ட் தன் வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றலாமா என்று எழுதுங்கள். தானே செய்வதாக ஏற்ற காரியத்தை, தொழில் வழக்கமோ வேலையின் தன்மையோ இடம் தந்தாலன்றி, மாற்றிவிட முடியாது என்பது 190-ஆம் பிரிவு.

உ) அவசரத்துக்கு வழி வையுங்கள். நஷ்டத்தைத் தவிர்க்க, தன் சொந்தப் பொருளுக்கு ஒரு விவேகி செய்வதைச் செய்ய ஏஜெண்டுக்கு 189-ஆம் பிரிவு இடம் தருகிறது. சோளம் மழையில் நனையும்போது அவன் போனுக்குக் காத்திருக்கக் கூடாது.

ஊ) வரம்பையும், பிறகு ரத்து செய்தால் அதையும், நம்மோடு வியாபாரம் செய்கிறவர்களுக்கும் பாங்குக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

எ) நிலம் சம்பந்தமான ஜி.பி.ஏ. விற்பனைப் பத்திரம் ஆகாது. 2011-இல் சுராஜ் லாம்ப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. மேலும், சேலத்திலோ ஈரோட்டிலோ உள்ள சொத்தின் பத்திரத்தை நம் சார்பில் பதிவுக்குத் தாக்கல் செய்யப் பவர் கொடுப்பதானால், நாம் குடியிருக்கும் இடத்துச் சப்-ரிஜிஸ்திரார் முன் எழுதி அவர் அத்தாட்சி பெற வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு.

ஏ) படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில், வரிக்கு வரி படிக்கக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். கடைசியில் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

7. மச்சினன் கோபித்துக்கொள்வானா?

தம்பியின் கடைசிக் கேள்வி இதுதான். "இப்படியெல்லாம் எழுதினா, என் மேல நம்பிக்கை இல்லையான்னு கேப்பானே பெரியப்பா?"

நான் சொன்னேன்: "இந்த வேலி அவனுக்கும்தாம்பா. கொடுத்த அதிகாரத்துக்குள் சட்டப்படி நடந்து நஷ்டம் வந்தால் அதை நீதான் ஏற்கணும்னு 222-ஆம் பிரிவு சொல்லுது. வரம்பு எழுதலைன்னா, நாளைக்கு நீ ஒண்ணு சொல்லுவே, அவன் ஒண்ணு சொல்லுவான். நடுவில் உன் மனைவி நிப்பா."

அன்று சாயங்காலம் மச்சினனே வந்தான். மூவரும் உட்கார்ந்து தமிழில் எழுதினோம். வரம்பை எழுபத்தைந்தாயிரமாக ஆக்கச் சொன்னவன் அவன்தான். ஐம்பதாயிரத்துக்கு ஒரு லோடு வராது என்றான். நியாயமாகப் பட்டது, தம்பியும் ஒப்புக்கொண்டான். கடனுக்கும் அடமானத்துக்கும் அதிகாரம் இல்லை என்பதும், ஒரு வருடத் தவணையும் சேர்ந்தன. வக்கீல் அதைக் கன்னடத்தில் எழுதித் தந்தார். இரண்டு மண்டிக்காரர்களுக்கும் பாங்குக்கும் நகல் போயிற்று. அதன் பிறகு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.