புகைக்கூடத்தில் கெடாத ஷீட்

நம்பிக்கை: ஆதிகாலத்து வெயில் அனலாய்க் கொதித்தது. அந்தச் சூட்டில்தான் வாயுக்கள் சேர்ந்து உயிருக்கான பொருள்கள் உண்டாயின.

உண்மை: புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். ரப்பர் ஷீட்டைப் புகைக்கூடத்தில் 50, 60 டிகிரிச் சூட்டில் நாள்கணக்காகத் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் நன்றாகக் காய்ந்து வரும். அதே ஷீட்டை நேர் வெயிலில் போட்டுவைத்தால் மேலெல்லாம் பிசுபிசுத்துவிடும். சூடுதான் காரணமென்றால் புகைக்கூடத்திலும் கெட்டிருக்க வேண்டுமே! கெடுப்பது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்.

ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆற்றல் கூடும். மூலக்கூறின் பிணைப்பை அறுக்கும் வலு ஒரே பொட்டலத்தில் இருக்க வேண்டும். வலுவில்லாதவை எத்தனை கோடி வந்தாலும் சூடுதான் ஏறும். ஆதிகாலத்து வாயுக்களுக்கும் இதே கணக்குதான்.

400 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் இன்றைய ஒளியில் ஏறக்குறைய முக்கால் பங்கே தந்தது. ஆனால் காற்றில் ஆக்சிஜன் இல்லை. அதனால் ஓசோன் போர்வையும் இல்லை. இன்று மேலேயே தடுக்கப்படும் வலுமிக்க புற ஊதாக் கதிரும் அன்று தரைவரை இறங்கியது.

நம்பிக்கை: புற ஊதாக் கதிருக்கு அழிக்க மட்டுமே தெரியும்.

உண்மை: கார்ல் சாகன், இந்தியாவில் பிறந்த பிஷுன் காரே என்ற இரு அறிவியலாளர்கள் 1971இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மீத்தேன், ஈத்தேன், அமோனியா, நீராவி ஆகியவற்றோடு ஹைட்ரஜன் சல்ஃபைடையும் கலந்து புற ஊதா ஒளி பாய்ச்சினார்கள். கோலசிலாங்கூர் அலையாத்திக் காட்டில் தண்ணீர் வற்றும்போது சேற்றிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் எழுமே, அந்த வாயுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. சோதனையின் அழகே அதில்தான் இருக்கிறது என்பேன். மீத்தேன் ஏறக்குறைய 145 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை வாங்காது. அதற்குக் கீழே சூரிய ஒளியில் இருப்பது சொற்பம். முட்டை நாற்ற வாயுவோ 254 நானோமீட்டர் ஒளியையும் வாங்கிக்கொள்ளும். அது உடைந்ததும் ஹைட்ரஜன் அணு வேகமாகத் தெறித்து, பக்கத்து மூலக்கூறுகளில் மோதி அவற்றையும் உடைக்கிறது. அந்தத் துண்டுகள் புதிதாகக் கைகோத்ததில் அலனின், கிளைசின் முதலிய அமினோ அமிலங்கள் கிடைத்தன.

நம்பிக்கை: அப்படியானால் உயிர் பிறந்த கதை தெரிந்துவிட்டது.

உண்மை: இல்லை. அமினோ அமிலம் உயிர் ஆகாது. அன்றைய காற்றில் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடுமே மிகுந்திருந்தன என்று இன்று பலர் கருதுகிறார்கள்; அந்தக் கலவையில் விளைச்சல் மிகக் குறைவு. தான் கட்டியதை அதே கதிர் திரும்ப உடைக்கவும் செய்யும். தண்ணீருக்குள்ளோ சேற்றுக்கு அடியிலோ ஒதுங்கியதுதான் தப்பும்.