ஷோரூமா, ஷெட்டா? ஆயில் மாற்றும் இடம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கார்த்திகை பிறந்தால் ராஜபாளையத்துப் பட்டறைகளில் கூட்டம் கூடிவிடும். மாலை போட்டவர்கள் சபரிமலைக்குக் கிளம்பும் முன் வண்டியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வருவார்கள். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை என்று மலையைத் தொட்டுக்கொண்டே போகிற சாலை. அதில் வரும் வெளியூர் வண்டிகளும் இங்கே நிற்கும். மலை ஏறும் முன் எல்லோருக்கும் தோன்றும் முதல் வேலை ஆயில் மாற்றுவது.

எங்கே மாற்றலாம் என்று கேட்டால்தான் சிக்கல். "கம்பெனியிலயே விட்டுருங்கண்ணே, இல்லாட்டி வாரண்டி போயிரும்" என்பார் ஒருவர். "அங்க போனா பில்லு எகிறும், நம்ம ஷெட்டுல விடுங்க" என்பார் இன்னொருவர். "எங்க விட்டா என்ன, நல்ல கெட்டி ஆயிலா ஊத்தச் சொல்லுங்க" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூவருமே நம் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கம்பெனி சர்வீஸைத் தவிர வேறெங்கு ஆயில் மாற்றினாலும் வாரண்டி போய்விடும்.

உண்மை: வெளியே ஆயில் மாற்றினார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்வது நியாயமல்ல என்று இந்தியப் போட்டி ஆணையம் சொல்லியிருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் தங்கள் வலைக்குள்ளேயே பூட்டிவைத்திருந்ததாக வந்த புகாரில், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது அந்த ஆணையம். வெளிப் பட்டறைக்குப் போனால் வாரண்டி ரத்தாகும் என்று நிபந்தனை வைக்கக் கூடாது என்றும், வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் அதே உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் இதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் இந்தக் கருத்து அத்தோடு நின்றுவிடவில்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது.

நடைமுறையில் நமக்கு வேண்டியது சான்று. வெளியே மாற்றினால், ஆயிலின் பெயர், கிரேடு, எத்தனை லிட்டர், எந்த ஃபில்டர், அன்றைய கிலோமீட்டர் ஆகிய ஐந்தும் எழுதிய பில் கையில் இருக்க வேண்டும். நாளை கேள்வி வந்தால் பேசப்போவது அந்தக் காகிதம்தான். புதுக் காரின் இலவச சர்வீஸ் காலத்தில் கூலி கிடையாது. ஆயிலுக்கும் ஃபில்டருக்கும்தான் பணம். அதுவரை கம்பெனிக்குப் போவதில் லாபமே தவிர நஷ்டமில்லை. காசு கட்டி வாங்கும் நீட்டிப்பு வாரண்டி தனி ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளைப் படிக்காமல் வெளியே போகாதீர்கள்.

நம்பிக்கை 2: பெரிய இடம் என்றால் வேலை சுத்தமாக இருக்கும், சின்ன ஷெட் என்றால் ஒப்பேற்றிவிடுவார்கள்.

உண்மை: குளிரூட்டிய வரவேற்பறைக்கும் வேலையின் தரத்துக்கும் தொடர்பில்லை. ஓலைக் கொட்டகைக்கும் கைத்திறனுக்கும் பகையுமில்லை. பெரிய இடத்தில் ஒரே நாளில் பல வண்டிகளை முடிக்க வேண்டிய அவசரம் இருக்கும். புதுப் பையன் கையில் உங்கள் வண்டி போகலாம். சின்னப் பட்டறையில் முப்பது வருடக் கை இருக்கலாம். ஆனால் சரியான ஃபில்டர் அன்று கையிருப்பில் இல்லாமல் போகலாம். ஆகவே இடத்தை எடைபோடுவதை விட்டுவிட்டு வேலையை எடைபோடுங்கள். நல்ல ஆயில் மாற்றம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். என்ஜின் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் பழைய ஆயில் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். டிரைன் போல்ட்டைக் கழற்றி, ஓட்டம் நின்று சொட்டாகும் வரை பொறுக்க வேண்டும். ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். ஒருவிட்டு ஒருதடவை மாற்றினால் போதும் என்பது தப்பான சிக்கனம். பழைய ஃபில்டரில் தங்கிய கறுப்பு ஆயில், புதிதாக ஊற்றியதோடு முதல் நிமிடத்திலேயே கலந்துவிடும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் இறுக்கி, கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் மேலும் திருப்ப வேண்டும். டிரைன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும். சில ரூபாய் விலையுள்ள இந்த வாஷரை மாற்றாமல், அதற்குப் பதிலாகப் போல்ட்டைப் பலங்கொண்டு முறுக்குவதுதான் பல வண்டிகளில் மரை போவதற்குக் காரணம். ஆயில் தேங்கும் சம்ப் அலுமினியம் என்றால் மரை இன்னும் எளிதாகப் போகும். அப்புறம் சம்ப்பையே மாற்றும் செலவு.

கடைசியாக அளவு. புது ஆயில் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணைவதைப் பார்த்து, நிறுத்தி, சில நிமிடம் கழித்துக் கேஜ் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. 'கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே' என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால், சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்கு உலோகத்தைக் காக்கும் வலு கிடையாது.

நம்பிக்கை 3: நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்.

உண்மை: மூன்றாமவர் சொன்ன இந்த யோசனைதான் மூன்றிலும் ஆபத்தானது. விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும் என்பது மெய்தான். ஆனால் ஓடும் என்ஜினுக்குள் குளிர்விக்கும் நீரைச் சுமார் 90 டிகிரியில் நிறுத்திவைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. கொடைக்கானலில் ஓடினாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடினாலும் என்ஜினின் உள்சூட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. கிரேடில் டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண், 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதைக் குறிக்கிறது. அந்தச் சூட்டையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி கிரேடைச் சொல்கிறது.

இருபது முப்பது வருடங்களுக்கு முந்தைய என்ஜின்களுக்கு 20டபிள்யூ-40 பொருந்தியது. இன்று ஓடும் பல பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-20, சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இவற்றின் உள்ளே ஆயில் போகும் வழிகள் குறுகல். வால்வு நேரத்தை மாற்றும் பொறியே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அங்கே கெட்டி ஆயிலை ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேல்பாகத்துக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். தேய்மானம் அந்த நொடிகளில்தான் அதிகம். மைலேஜும் குறையும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளவற்றுக்குச் சாம்பல் குறைந்த வகை ஆயில் தேவை. வேறு ஆயில் ஊற்றினால் அந்த வடிகட்டி காலத்துக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். அதன் விலை பல ஆயில் மாற்றங்களின் விலை. ஆகவே மெக்கானிக்கிடம் 'எந்த ஆயில் நல்லது?' என்று கேட்காதீர்கள். கையேட்டைத் திறந்து காட்டி, 'இந்த ஆயில் இருக்கிறதா?' என்று கேளுங்கள்.

நம்பிக்கை 4: ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது. எப்படியும் 5,000 கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும்.

உண்மை: துணி துவைத்த தண்ணீர் கலங்கினால் சோப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆயிலும் அப்படித்தான். கரியையும் அழுக்கையும் தன்னுள் மிதக்கவிடும் மருந்து அதில் கலந்திருக்கிறது, அதனால் கறுக்கிறது. டீசல் வண்டியில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். பயப்பட வேண்டிய நிறம் வேறு: பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அப்போது உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

இன்றைய பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்பதே கெடு. 'எது முதலில்' என்பதை நம் ஊரில் பலர் மறந்துவிடுகிறோம். பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓடும் கார், வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓடாது. ஆனால் சூடேறும் முன்பே நிறுத்தப்படுவதால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். இந்த வண்டிக்கும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றம் தேவை. தோப்புகளின் புழுதிப் பாதையில் தினமும் ஓடும் வண்டிக்குக் கெடு இன்னும் குறையும். கடுமையான ஓட்டத்துக்கென்று கையேட்டில் தனி அட்டவணை இருக்கும்; அதைப் பாருங்கள்.

நம்பிக்கை 5: ஒருமுறை சிந்தெடிக் ஊற்றினால் திரும்பச் சாதா ஆயில் ஊற்றக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஃப்ளஷ் செய்ய வேண்டும்.

உண்மை: இரண்டும் இல்லை. சிந்தெடிக்கும் மினரலும் கலந்தாலும் கெடுதல் வராது. கையேடு சொன்ன கிரேடும் தரமும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். கெடு தவறாமல் மாற்றிவரும் என்ஜினுக்கு ஃப்ளஷ் தேவையில்லை. டப்பாவில் வரும் ஆயிலிலேயே வேண்டிய மருந்தெல்லாம் சேர்ந்திருக்கிறது. மேலே ஊற்றச் சொல்லும் புட்டிகளுக்குத் தலையசைக்காதீர்கள். அந்தப் பணத்துக்குச் சீல் உடையாத நல்ல ஆயில் வாங்கலாம். டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். போலி ஆயில் விற்பவர்கள் தேடுவது அந்தக் காலி டப்பாவைத்தான்.

நம்பிக்கை 6: இறக்கிய பழைய ஆயில் மெக்கானிக் பாடு. நமக்கென்ன?

உண்மை: இந்த ஊரில் அது நம் பாடு. ராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியாறு சாலையில் போனால் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அதையும் தாண்டினால் மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில். மலையில் பெய்யும் மழை அந்தக் கோவில் ஆற்றில் இறங்கித்தான் நகராட்சியின் குடிநீராகிறது. அதற்கு மேலே உள்ள காடு, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஞாயிற்றுக்கிழமை அங்கே குளிக்கப் போகும் காரின் அடியில் ஆயில் சொட்டினால், அது ஆற்றங்கரை மண்ணில் இறங்குகிறது. மாற்றாமல் விட்ட அந்த ஒரு வாஷரின் விலையை ஊரே கொடுக்கிறது.

ஒரு சிறிய காரிலிருந்து ஒவ்வொரு தடவையும் சுமார் மூன்று லிட்டர் பழைய ஆயில் இறங்கும். என்ஜின் தேய்ந்த உலோகத் துகள்களும், புற்றுநோயோடு தொடர்புள்ள கரிமச் சேர்மங்களும் அதில் இருக்கின்றன. ஒரே ஒரு ஆயில் மாற்றத்தில் இறங்கும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. இதைக் கரையான் வராமலிருக்க மரத்தில் பூசுவதும், மாட்டுப் புண்ணில் தடவுவதும், புழுதி அடங்கத் தரையில் ஊற்றுவதும் கிராமத்தில் இன்றும் உண்டு. தோலில் பட்டால் மாட்டுக்கும் கெடுதல், பூசும் கைக்கும் கெடுதல். மழை வந்தால் கிணற்றுக்கும் கெடுதல்.

பழைய ஆயில் குப்பை அல்ல. சுத்திகரித்தால் திரும்பவும் மசகு எண்ணெயாகும். அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள், அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே அது போக வேண்டும் என்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், மசகு எண்ணெய் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பயன்படுத்திய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. பட்டறையின் தரைவரை அதைக் கொண்டுவருவது, வண்டிக்காரர் கேட்கும் கேள்விதான்.

சரி, எங்கே விடலாம்? உள்ளே நுழைந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். கையேட்டில் உள்ள இதே கிரேடு இருக்கிறதா? ஃபில்டரும் வாஷரும் புதிதாகப் போட்டு, எல்லாவற்றையும் பில்லில் எழுதித் தருவீர்களா? இறக்கிய ஆயில் எங்கே போகிறது? முதல் இரண்டு கேள்விக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். மூன்றாவதற்குத் தயங்காமல் பதில் சொல்லி, மூடிவைத்த பீப்பாயைக் காட்டி, எடுத்துப் போகிறவர் அனுமதி பெற்றவர்தான் என்று சொல்லத் தெரிந்தவர், யாரும் பார்க்காத வேலையையும் ஒழுங்காகச் செய்யும் பழக்கம் உள்ளவர். அவர் கம்பெனி ஷோரூமில் இருந்தாலும் சரி, தென்காசி சாலை ஓரத்து ஷெட்டில் இருந்தாலும் சரி, சாவியை அவரிடம் கொடுங்கள்.